இரண்டு ரசீது, ஒரு தோணி

ஊ பா ஞுன் என்னிடமும் முன்பணம் வாங்கினான்,
என் மச்சான் வீரபுத்திரனிடமும் வாங்கினான்,
கட்டியது ஒரு தோணி.
பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டி
மஹாசாய் இறால் கம்பெனிக்குப் போய்விட்டான்.

தனட்பினில் தொதலின் மாதம்.
ஆறு பந்தயப் படகுகளுக்காகத்
தலைவாரிக்கொண்டு கிடந்தது.
வயலெல்லாம் நீர், நீரெல்லாம் விரால்.
அவன் பெண்டாட்டி தோ சேன் மியா
இரண்டு ரசீதையும் வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.
"கையெழுத்து அவருடையதுதான்.
தோணிக்கு இரண்டு முனை இருக்கிறது,
ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்."

நாங்கள் பேசி மூன்று வருஷம்.
காரணம் ஒரு டீசல் பம்பு.
கொடுக்கும்போது ஓடியது என்பேன் நான்.
வரும்போதே இருமியது என்பான் அவன்.
நடுவில் என் தங்கை
இரண்டு வீட்டுக்கும் தூக்குவாளியாய் அலைந்தாள்.

சேற்றில் கவிழ்ந்து கிடந்தது தோணி.
குங்கிலியமும் கச்சா எண்ணெயும் குழைத்துப் பூசியது
தொட்டால் இன்னும் கையில் வந்தது.
தூக்கும்போது அவன் முன்னால், நான் பின்னால்.
எடை ஒருபக்கம் சாய்ந்தால்
கனைத்துக்கொண்டோம்,
சொல்லவில்லை.

கரைக்கு அவள் ஒரு தேங்காய் கொண்டுவந்தாள்,
குடுமியோடு, நாவல் தழையோடு.
ஆற்றுத் தேவதைக்கு முழுசாய்க்
கட்டவேண்டுமாம் அணியத்தில்.
வீரபுத்திரன் கத்தியை உருவினான்:
உடைக்காமல் என்ன தேங்காய்?
அவள் பார்த்த பார்வையில்
கத்தி உறைக்குத் திரும்பியது.
கட்டினோம். அவன் ஒரு முடிச்சு,
அதை நம்பாமல் அதன்மேல் நான் ஒரு முடிச்சு.

தள்ளினோம்.
விடமாட்டேன் என்று ஒருமுறை உறிஞ்சியது சேறு,
பிறகு தயிர்ப்பானையிலிருந்து
அகப்பையை இழுத்த சத்தத்தோடு விட்டது.
ஒரு மூச்சு நேரம்
தோணி யாருக்கும் சொந்தமில்லாமல்
நீரில் நின்றது.
அதற்குள் ஏறிவிட்டோம்.

ஏலக் குளத்து மூங்கில் வேலியருகே
காவல் குடிசையிலிருந்து ஒரு பையன்:
"யாருடைய தோணி?"
"என்னுடையது" என்றேன்.
"என்னுடையது" என்றது என் முதுகுப்பக்கம்.
பையன் வெற்றிலையைத் துப்பினான்.
"பாதி பாதியாக மிதக்குமா?
எப்படியானாலும் இந்தக் குளத்து மீனுக்கு
ஆள் இருக்கிறது. ஆற்றுக்குப் போங்கள்."

ஆறு எங்கே முடிந்தது
வயல் எங்கே தொடங்கியது என்று
கொக்குக்கும் தெரியாத இடத்தில்
நான் வலையை இறக்கினேன்.
நான் வலப்பக்கம் குனிந்தால்
அவன் இடப்பக்கம் சாய்ந்தாக வேண்டும்,
பம்பு நினைவிருந்தாலும்.
சாய்ந்தான்.
தோணிக்கு எங்கள் கதை தெரியாது.

அப்போது,
மூன்று வருஷம் கழித்து,
அவன் எனக்குச் சொன்ன முதல் சொல்:
"தண்ணி."

கணுக்கால் வரை வந்திருந்தது.
அடிப்பலகைச் சந்து ஒன்று
நகக்கண் அகலத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது.
லுங்கி ஓரத்தைக் கிழித்து அடைத்தேன்.
வந்ததை வெளியே ஊற்றப் பாத்திரம் இல்லை.
இருவரும் ஒரே நேரத்தில்
அணியத்தைப் பார்த்தோம்.

என் முடிச்சு அவிழவில்லை, அறுத்தேன்.
அவனுடையது தொட்டதும் அவிழ்ந்தது.
(இதை அவனிடம் சொல்லவில்லை.)
கத்தியின் முதுகால் மூன்று தட்டு.
சாமிக்கும் இல்லை, தேவதைக்கும் இல்லை.
தேங்காய்த் தண்ணியில் அவன் பாதி குடித்துவிட்டு
மீதியைப் பார்க்காமல் நீட்டினான்.
ஆளுக்கொரு மூடி,
பருப்போடே கோரிக் கோரி வீசினோம்.

மூச்சு வாங்க வாங்க அவன் சொன்னான்:
"பிஸ்டன் முதலிலேயே தேய்ந்திருந்தது."
"இறை" என்றேன்.
இறைத்தான்.

நாலு விரால், ஒரு தேளி, அரை லுங்கி.
இருட்டுமுன் கரை சேர்ந்தோம்.
தோ சேன் மியா விளக்கைத் தூக்கி
அணியத்தைத் தடவிப் பார்த்தாள்.
"தேங்காய்?"

"தேவதை எடுத்துக்கொண்டது" என்றான் வீரபுத்திரன்.
அவன் மீசையில் ஒரு துண்டு பருப்பு.
நான் மறுக்கவில்லை.

நாளை விடிகாலை ஐந்து மணி.
எந்த முனை யாருக்கு என்று
இன்னும் பேசவில்லை.