மானுக்குக் கழித்த காசு

உவர்மலை ஏற்றத்தில்
பல்தசார் வீட்டுக் கொட்டிலில்
படங்கை இழுத்தபோது முதலில் வந்தது பூனை.
பிறகுதான் பென்ஸ்.

எழுபத்துநாலாம் ஆண்டு. இரண்டே கதவு. துணிக்கூரை.
நிறம், புத்தகத்தில், வெள்ளி.
கண்ணுக்கு, மழைக்கு முந்திய கொட்டியாரக் குடா.
நம்பர் தகட்டில் இன்னும் ஸ்ரீ.
அந்த எழுத்துக்கும் எங்களுக்கும்
ஒரு பழைய கணக்கு இருக்கிறது.
இன்றைக்கு வேறு கணக்கு.

நிஸ்தார் காந்தம் கொண்டுவந்திருந்தான்,
மகளின் கொம்பாஸ் பெட்டியிலிருந்து.
கதவில் ஒட்டியது. பொனற்றில் ஒட்டியது.
பின்சில்லுக்கு மேல் வளைவில்
கையை விட்டதும் பொத்தென்று விழுந்தது.
“புட்டி,” என்றான்.
ஒரு சாண் தள்ளி வைத்தான். பொத்.
“இதுவும்.”
உப்புக்காற்று ஐம்பது வருசம் தின்ற கறளை
யாரோ பசையால் அடைத்து,
மேலே வெள்ளி பூசி,
ஒரிஜினல் பெயின்ற் என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

“நான் பொய் சொல்லமாட்டன்,” என்றார் பல்தசார்.
“சொன்னது எனக்கு முதல் வச்சிருந்தவர்.”

கூரையில் ஒரு கிழிசல்.
“இது?”
“மான் கடிச்சது.”
வேறு ஊரில் சொன்னால் சிரித்திருப்பேன்.
எங்கள் மான்கள் லஞ்ச் சீற் தின்னும்,
போஸ்டர் தின்னும்,
தேர்தல் முடிந்த கிழமை
வேட்பாளரை மீசையோடு தின்னும்.
ஜெர்மன் துணி அதுகளுக்குப் புதுச்சுவையாய் இருந்திருக்கும்.
“மானுக்கு எவ்வளவு கழிப்பியள்?”
அவர் உண்மையாகவே விரல்விட்டு எண்ணினார்.

எனக்கு இருபத்தாறு வருசமாய் ஐஸ் வியாபாரம்.
கையில் வாங்கிய நிமிசமே கரையத் தொடங்குகிற சாமானுக்கு
எப்படி விலை பேசுவது என்று
எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.
நாற்பத்தொரு லட்சம்.
அதில் மானுக்கு ஐம்பதாயிரம் குறைவு.
இரண்டு லொறியில் ஒன்று அதற்காகப் போயிற்று.

தம்பிக்குப் படம் அனுப்பினேன்.
அவன் இருக்கிற சின்டெல்ஃபிங்கனில்தான் இதைப் பூட்டினார்களாம்.
அங்கே ஒரு கன்ரீனில் முப்பது வருசமாய்
உருளைக்கிழங்கு உரிக்கிறான்.
“உதிலை இஞ்சை கிழவர்மார்
ஞாயிற்றுக்கிழமையில தொப்பியோட போவினம்.
உனக்கென்ன விசரா?”
ஐந்து நிமிசம் கழித்து இன்னொன்று வந்தது:
“செஸி நம்பர் என்ன?”

வங்கி மனேச்சரிடம் முதலீடு என்றேன்.
அவர் தலையாட்டினார், நம்பாமல்.

இருபத்திரண்டு வயதில் ஒருநாள்
ஐஸுக்கும் உமிக்கும் நடுவில்
ஒரு லொறியின் படங்குக்குக் கீழே
இந்த வீதியால் போயிருக்கிறேன்.
எத்தனை சோதனைச்சாவடி என்பதை
பிரேக் சத்தத்தில்தான் எண்ணினேன்.
முதுகு விறைத்தது. அது பரவாயில்லை.
பகலா பின்னேரமா, மேலே முகில் இருந்ததா,
அது தெரியாமலே போய்ச்சேர்ந்ததுதான்
இன்னும் அரிக்கிறது.
இதை மனேச்சரிடம் எந்தப் படிவத்தில் எழுதுவது?

உட்துறைமுக வீதியில் இறக்கினோம்.
கார்த்திகை மாதம். வேறென்ன நடக்கும்,
முதலாவது வளைவிலேயே தூறியது.
கூரையை இழுத்தான் நிஸ்தார்.
பாதி எழும்பி,
சல்யூட் அடிக்க வந்து மறந்தவன் கைபோல
அப்படியே நின்றது.
புத்தகத்தைச் சேட்டுக்குள் செருகிக்கொண்டு கத்தினான்:
“அக்கா, நிப்பாட்டுங்க, லெதர் நனையுது!”
நான் இரண்டாவது கியரில் இருந்தேன்.
மழை கண்ணுக்குள் விழ விழ
அண்ணாந்து பார்த்தேன்.
சாம்பல் நிறம்.
ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள்.

பாலையூற்று ஆலைக்குள் நுழைந்ததும்
பொடியள் ஓடிவந்து போர்த்தார்கள்,
அறக்குளா மணக்கிற படங்கால்.
கார் கீழே. நான் வெளியே, சொட்டச் சொட்ட.
இருக்கைக்குள் ஒரு வாளி தண்ணீர் நின்றிருக்கும்.
நாளைக்கு நிஸ்தார் ஏசுவான்.

“கேற்றைச் சாத்து,” என்றேன்.
“மான் வரும்.”