ஒரு கை நுழையும் அளவு

நான் உட்கார்ந்தால் கண்மட்டம்,
வெளியே நிற்பவருக்கு வயிற்றுமட்டம்.
புதுவயல் ஆரம்ப சுகாதார நிலையத்தின்
மருந்து ஜன்னலில் முகம் தெரியாது.
பதினோரு வருடமாகக்
கைகளுக்குத்தான் மாத்திரை கொடுக்கிறேன்.

அரிசி மில்லில் பாய்லர் பார்க்கும்
அடைக்கலத்தின் கை
நகமெல்லாம் உமிச்சாம்பலோடு
மாதம் ஒருமுறை பிரஷர் மாத்திரைக்கு வரும்.
காற்றே இல்லாமல் சீட்டு படபடக்கும்.
"பனிங்க" என்பார்.
சித்திரை மாதம்.
சரி என்று அட்டையை வைத்துவிடுவேன்.
மூன்று வருடம் அப்படி.

புதிதாக வந்த டாக்டர் நிலோபர்
நாடி பார்க்கப் பிடித்த கையை விடவில்லை.
குடிப்பீங்களா என்று கேட்கவில்லை,
அதற்கு ஊரெல்லாம் ஒரே பதில்.
"கடைசியா எப்பக் குடிச்சீங்க?"
கடைசியா எப்பச் சாப்பிட்டீங்க என்கிற குரலில்.

அடைக்கலம் தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தார்.
"ராத்திரி. ஒரு கட்டிங்."
"காலையில?"
அட்டவணையில் இன்னும் ஏதோ படித்தார்.
"கை நிக்கிறதுக்கு?"
"கொஞ்சம்."

ஒரு தாளில் பத்துக் கேள்விகள்.
ஏழாவதில்,
குடித்தபின் மனசு உறுத்தியதுண்டா என்கிற இடத்தில்,
எழுந்துபோய்க் குழாயடியில்
முகம் கழுவிவிட்டு வந்தார்.
தாள் காத்திருந்தது.

மணிக்கட்டில் கோயில் கயிறு,
இனித் தொடமாட்டேன் என்று கட்டியது.
அதன் கீழே இன்னொன்று, சாயம் போனது.
"இத அவுத்துரவாம்மா?"
"எதுக்கு? அது பாட்டுக்கு இருக்கட்டும்.
ஆனா வெட்டுனாப்ல நிறுத்திராதீங்க,
உடம்பு தாங்காது.
மாத்திரையோட இறங்குவோம்."

எண்ணிக்கொண்டிருந்த மாத்திரைகளை
முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

எங்கள் வீட்டில் வெட்டினாற்போல்தான் நிறுத்தினோம்.
அண்ணனை உள்ளே விட்டு
அம்மா வெளியே தாழ் போட்டாள்.
முதல் நாள் கத்தினான்.
இரண்டாம் நாள் சுவரெல்லாம் எறும்பு என்றான்.
மூன்றாம் நாள் விடியலில் சத்தமில்லை.
திருந்திவிட்டான் என்று
காபியை ஆற்றிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தாள்.

நான் அப்போது பார்மசி இரண்டாம் வருடம்.
அந்த மாத்திரையின் பெயரைப் பரீட்சையில் எழுதி
எட்டு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

மொத்தமாகத் தராதே, தினம் வரட்டும் என்றார் டாக்டர்.
சூரியன் வரைந்த உறை, நிலா வரைந்த உறை.
உறைக்குள் நாளுக்கு நாள் எண்ணிக்கை குறையும்.
கூடவே ஒரு வைட்டமின் ஊசி.
மனைவி செவந்தி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு
வேப்பமரத்தடியில் நிற்பாள்.

நான்காம் நாள் சைக்கிள் இல்லை.

பன்னிரண்டுக்கு எங்கள் சீட்டு முடியும்.
பன்னிரண்டுக்குத்தான் அங்கே கடை திறக்கும்.
அதற்கும் ஒரு ஜன்னல் உண்டு,
கம்பி அடித்து, ஒரு கை நுழையும் அளவு.

"பூட்டாதீங்க" என்றார் டாக்டர்.
ஒரு மணிக்குக் கை வந்தது.
அதற்கு முன்பே வாடை.
"தப்புப் பண்ணிட்டேன்."
டாக்டர் வெளியே வந்து
ஸ்டூலை இழுத்துப் போட்டார்.
"எவ்வளவு? எத்தன மணிக்கு?"
எழுதிக்கொண்டார்.
"இது மேல அந்த மாத்திரை தர முடியாது.
நாளைக்குக் காலையில வாங்க.
இப்ப வந்தீங்கள்ல, அது போதும்."
மூன்று மணிவரை
பிரஷர் பட்டை கட்டிய கையோடு
அங்கேயே உட்கார்ந்திருந்தார்.
செவந்தி டிபன் பாக்ஸோடு ஓடி வந்து
திட்ட வாயெடுத்தவள்
டாக்டர் அங்கே இருக்கிறாரே என்று
மூடியைத் திறந்து சோற்றைப் பிசைந்தாள்.

அப்புறமும் இரண்டு முறை தவறியது.
இரண்டு முறையும் ஸ்டூல் வெளியே வந்தது.

இப்போது மாதத்துக்கு ஓர் உறை,
ஆசையை மட்டுப்படுத்தும் மாத்திரை.
இன்று காலை கை வந்தது.
லேசாக நடுக்கம்.
"பனிங்க" என்றார்.

மார்கழிதான். மில் களத்தில் அவிந்த நெல்லின் ஆவியும்
பனியும் பிரித்தறிய முடியாமல் கிடந்தன.
நம்பினேன்.
நம்பியும்,
உறையை நீட்டும் முன் குனிந்து
ஜன்னல் வழியே அவர் முகத்தைப் பார்த்தேன்.
"கடைசியா எப்ப?" என்று கேட்டேன்.