கிளிப்

சாங்கி, மூன்றாம் முனையம்.
பெட்டிகளின் வயிற்றைப் பார்ப்பது என் வேலை.
துணியும் தின்பண்டமும் திரையில் ஆரஞ்சு,
இரும்பு நீலம்,
நடுவில் வருவது பச்சை, அதை இருமுறை பார்ப்பேன்.
சீப்புக்குள் செருகிய கத்தியை
நான்கே நொடியில் பிடித்திருக்கிறேன்.
அதற்குக் கொடுத்த சான்றிதழ்
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

அந்த ஃபிரிட்ஜுக்கு ஆறடி தள்ளி
சோபாவில் குப்புறப் படுத்து
விளையாடிக்கொண்டிருந்தான் ஷர்வின்,
தொடக்கநிலை ஐந்து.
வீட்டுக்குள்தானே இருக்கிறான்,
உள்ளறையில் அவன் அப்பா தூங்குகிறார்,
கம்பிக்கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து
இரவு வேலைக்குப் போனேன்.
பூட்டு பூட்டியபடியேதான் இருந்தது.
வந்தவனுக்குக் கதவே தேவைப்படவில்லை.

ஒரு ஞாயிறு.
பதினோராம் மாடி, அடுப்படி ஜன்னல், மூங்கில் கழி.
அவன் ஒரு முனையைப் பிடிக்க
நான் துணி மாட்டிக்கொண்டிருந்தேன்.
எங்களுக்கு நடுவே அவனுடைய ஈரப் பள்ளிச் சட்டை.
சட்டைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது:
"அம்மா, ஒருத்தர் போட்டோ கேக்குறாரு."

என் வாயில் அப்போது கிளிப் இருந்தது.
துணிக்குப் போடும் நீல பிளாஸ்டிக் கிளிப்.
அது மட்டும் இல்லையென்றால்
யாருடா, எவன்டா,
எத்தனை தடவை சொன்னேன்,
கொண்டா அந்தப் போனை
எல்லாம் ஒரே மூச்சில் வந்திருக்கும்.
கிளிப்பைக் கடித்தேன்.
அவன் தொடர்ந்தான்.

விளையாட்டில் பழக்கமாம்.
ஜொகூராம், பன்னிரண்டு வயதாம்.
காசு கொடுத்து வாங்கவேண்டிய வாளைச்
சும்மா அனுப்பினானாம்.
கணக்கில் பதினெட்டு வாங்கிய அன்று
பரவாயில்லை விடு என்று சொன்ன ஒரே ஆள் அவன்தானாம்.
(அன்று நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.)
முதலில் முகம் கேட்டானாம், அனுப்பினானாம்.
அப்புறம் சட்டையில்லாமல்.
அந்த இடத்தில் ஷர்வின் நிறுத்தினான்.
கீழே ஏதோ லாரி
பீப் பீப் என்று பின்னால் வந்துகொண்டிருந்தது.

"அம்மாகிட்ட சொல்லாதன்னு சொன்னாரு.
சொன்னா நீங்க போனைப் புடுங்கிருவீங்களாம்."

என்னைப் பார்க்காமலே
என்னைத் தெரிந்து வைத்திருக்கிறான்.
மார்ச்சில் போனைப் பிடுங்கி
அரிசி டின்னுக்குள் நான் ஒளித்த ஒன்பது நாளும்
அவன் கையில் கத்தியாகியிருந்தது.
'சொல்லாதே' என்ற சொல்லுக்கு
எங்கள் திரையில் நிறம் கிடையாது.

கிளிப்பை எடுத்தேன்.
சட்டையை மாட்டினேன், கோணலாக.
"சொன்னியே, அது போதும்.
தப்பு உன்னுது இல்ல."
அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.
"போனு?" என்றான்.
"உன்கிட்டயே இருக்கட்டும். எதையும் அழிக்காத.
ரெண்டு பேருமா போய்க் காட்டுவோம்."

அக்கம்பக்கக் காவல் நிலையத்தில்
ஹஃபிஸா என்ற அதிகாரி
முதலில் அவனிடம்தான் கை குலுக்கினார்.
அவன் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.
பன்னிரண்டு என்றவனின் உண்மை வயது
இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஜூரோங் தீவிலிருந்து வந்த கணவர்
கேட்டு முடித்ததும் லிஃப்டில் இறங்கிவிட்டார்.
மேலிருந்து பார்த்தேன்,
கார் நிறுத்துமிடத்தை நான்கு சுற்று நடந்தார்.
திரும்பி வந்தபோது கையில் இரண்டு மைலோ பொட்டலம்.
ஒன்றை அவனிடம் நீட்டி
"அந்த கேம் எப்படி ஆடறது, காட்டு" என்றார்.
மூன்று முறை ஆடினார்.
மூன்றிலும் படுமோசமாகத் தோற்றார்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை
கூப்பிடாமலே வந்து கழியைப் பிடிக்கிறான்.
பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை.
பள்ளிக் கடையில் மீ சியாம் காரம் என்கிறான்.
ரயான் இடம் மாறி உட்கார்ந்துவிட்டான் என்கிறான்.
மாட்ட வேண்டிய துணி தீர்ந்த பிறகும்
நான் ஒரு கிளிப்பை
வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.