ஐந்நூறு

பெண்ணென்றால் ஐந்நூறு கூட்டவேண்டும்.
அடையாள அட்டை இலக்கத்தில்
பிறந்த ஆண்டுக்குப் பின்னால் வரும் மூன்று எண்களில்
அரசாங்கம் அதை ஒளித்துவைத்திருக்கிறது.
மார்ச் பதினான்கு, எழுபத்துநான்காம் நாள்.
ஆணுக்கு 074.
அதே ஆஸ்பத்திரியில், அதே விடியலில்
பெண்ணாய்ப் பதிந்திருந்தால் 574.

பழைய சோனகத் தெருவில்
றவூப் முதலாளியின் இரும்புக்கடைக்கு
பதினொரு வருசமாய்க் கணக்கெழுதுகிறேன்.
ஆணி, பிணைச்சல், கூரைத்தகடு, கடன்.
எண்கள் என்னிடம் பொய் சொல்வதில்லை.
இது மட்டும் சொன்னது,
என் சட்டைப்பைக்குள்ளேயே இருந்துகொண்டு.

இரண்டாயிரத்தெட்டு. பதினெட்டு வயது.
தெகிவளைப் பாலத்தடியில் பஸ்ஸை மறித்து
எல்லோரையும் இறக்கினார்கள்.
ஆண்கள் இந்தப் பக்கம்.
பெண்கள் அந்தப் பக்கம், நீலத் திரைக்குப் பின்னால்.
நான் ஒரு கணம்
இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்றுவிட்டேன்.
துவக்கின் முனை என்னைச் சரியான பக்கம் தள்ளியது.
தமிழ்ப் பெடியன், பயந்துவிட்டான்
என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.
அந்தப் பயமும் இருந்தது.
அதற்குக் கீழே இன்னொன்று.
அதன் பெயர் எனக்கு அப்போது
எந்த மொழியிலும் தெரியாது.

அம்மா கேட்டாள், சோறு பிசைந்த கையோடு:
"உனக்கென்ன விசரே?
இந்த ஊரிலை பொம்பிளையா இருக்கிறது
லேசெண்டு நினைச்சியோ?
பஸ்ஸிலை ஒருக்கா ஏறிப் பார்."

ஏறிப் பார்த்தேன், அம்மா.
நூற்றியொன்றில், பின்னேரம் ஆறு மணிக்கு.
நீ சொன்னது சரி.
ஊசி ஒன்றை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு நிற்க
அன்றைக்கே பழகினேன்.

லாபம் பார்த்து ஆரும் இந்தப் பக்கம் வருவதில்லை.
வாடகை அறை போனது.
லிப்ற்றில் என்னைக் கண்டால் மேல்மாடி மாஸ்ரர்
படியால் இறங்குகிறார், முழங்கால் நோவோடு.
தங்கச்சியின் கலியாண அல்பத்தில்
என்னை வெட்டியெடுத்த இடத்தில்
ஒரு தோள் மட்டும் மிச்சம்.

பிறகு ஏன் என்கிறீர்கள்.

அழகாய்ச் சொல்ல எனக்கு வராது.
ஓமோன் தொடங்கி ஏழாம் மாதம்
ஒரு காலை பல் தீட்டிக்கொண்டிருந்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
கண்ணாடியில் இருந்தவளைப் பார்த்தேன்,
நுரையைத் துப்பினேன், வேலைக்குப் புறப்பட்டேன்.
பம்பலப்பிட்டிச் சந்தி தாண்டும்போதுதான் உறைத்தது:
இன்றைக்குக் கண்ணாடிக்கு முன்னால்
நான் மூச்சைப் பிடிக்கவில்லை.
அவ்வளவுதான்.
அதற்காகத்தான்.

றவூப் முதலாளி மூன்று நாள் பேசவில்லை.
நான்காம் நாள் பேரேட்டைத் தள்ளிவைத்து
"கணக்கு அதே கணக்குத்தானே" என்றார்.
பிறகு தயங்கி,
"சம்பளப் புத்தகத்துல பேரு என்னன்டு எழுதுற?"
ஆரணி, என்றேன்.
"சின்ன ரவா, பெரிய றவா?"
மூன்று நாள் மௌனத்தையும்
அந்தக் கேள்வியில் கழித்துவிட்டேன்.

இன்றைக்குப் பத்தரமுல்லையில் வரிசை.
டொக்டரின் சான்றிதழ், திருத்திய பிறப்புப் பத்திரம்,
கிராமசேவகர் இரண்டு தரம் மூக்குக்கண்ணாடி துடைத்துக்
கையெழுத்திட்ட விண்ணப்பம்.
கருமபீடத்துப் பெண் அட்டையைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள், திரும்பவும் அட்டையை.
கோப்பில் ஏதோ எழுதினாள். வெட்டினாள். எழுதினாள்.
கொண்டக்டர், காவலாளி, மீன்காரன் என்று
இந்த நகரம் முழுக்க 'மல்லி' என்று கூப்பிட்ட என்னிடம்
பேனையை நீட்டி
"நங்கி," என்றாள், "மெதன அத்சன் கரன்ன."

கை நடுங்கவில்லை. பேனைதான் எழுதவில்லை.
உதறி உதறி, மூன்றாம் தரம் மை வந்தது.

வெளியில் நின்று, தொழில் பழக்கம்,
574இல் ஐந்நூறைக் கழித்துப் பார்த்தேன்.
மிச்சம் அந்த எழுபத்துநான்கு,
ஒரு மார்ச் மாத விடியல்.
அதை ஆரும் மாற்றவில்லை. நானும்தான்.

பஸ் வந்தது, நிரம்பி வழிந்துகொண்டு.
கைப்பையில் ஊசியைத் தேடினேன்.