ஒன்பதாம் பங்கு

ஆடிப்பெருக்குக்கு மேல்கரையில் விட்ட
காதோலைக் கருகமணி
பதினோரு நாள் கழித்து எங்கள் மதகில் வந்து ஒதுங்கியது.
அதற்குப் பின்னால் இரண்டு பாட்டில்,
ஒற்றைச் செருப்பு, நுரை.
எல்லாம் வந்த பிறகுதான் தண்ணி.

வடுகக்குறிச்சி கடைமடை.
இதற்குக் கீழே ஊர் கிடையாது, உப்பளம்தான்.
ஆறு பேசும் கடைசிச் சொல் நாங்கள்.
பாதி வருஷம்
அது வாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

சட்டர்ச் சாவி என்னிடம் இருக்கிறது.
முழ நீள இரும்பு, கிரீஸ் வாடை.
"பொம்பள கையிலயா மதகு?" என்று
கூட்டத்தில் ஒருவர் கேட்டபோது
"தூர் வாரினப்ப யாரு கைன்னு பாத்தீங்களா?" என்றாள் லூர்துமேரி.
அவர் குனிந்து டீயை ஆற்றிக்கொண்டார்.

சித்திரை வைகாசியில் நாற்பத்தொரு நாள்
இடுப்பளவு சேற்றில் நின்றோம்.
ஆகாயத்தாமரை இழுக்க இழுக்க வந்தது,
யாரோ கடன்காரன் போல.
கரையில் காயவைத்து மட்கியதைக்
கூடை கூடையாக எங்கள் வயலுக்கே சுமந்தோம்.
அடியில் தட்டுப்பட்டது ஒரு மதகுக் கல்.
அதில் ஒரே ஓர் எழுத்து: ௯.
இது என்ன சுழி என்று தடவிப் பார்த்தோம்.
பத்தாவது படிக்கும் பிள்ளை ஒன்று
போனில் தேடி, ஒன்பது என்றது.

வாய்க்காலுக்கு எட்டுப் பங்கு என்றுதான் கேள்வி.
ஒன்பதாவது யாருக்கு?
மேலப்பண்ணை தங்களுடையது என்றது.
கோயிலுக்கு என்றார் தர்மகர்த்தா.
மூன்று கூட்டம், ஒரு நாற்காலி உடைந்தது.
நாலாவது கூட்டத்துக்கு
ஜெகபர் நாச்சியா ஒரு தூக்குச்சட்டியோடு வந்தாள்.
கிழக்குத் தெருக் கைப்பம்புத் தண்ணியில்
விடியலில் இருந்து கொதித்த துவரம்பருப்பு.
வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொன்று கடித்துப் பார்த்தோம்.
வேகவில்லை.

பூமிக்கு அடியில் கடல் நடந்து வருகிறதாம்,
வருஷத்துக்கு இத்தனை அடி என்று
கருவியோடு வந்தவர் சொல்லிவிட்டுப் போனார்.
நாங்கள் பருப்பில் அளக்கிறோம்.
குளத்தில் நல்ல தண்ணி நின்றால்
அதைக் கொஞ்சம் நெட்டித் தள்ளலாம்.
ஒன்பதாம் பங்கு குளத்துக்கு என்று
அன்று நோட்டில் எழுதியவள் நான்.
எழுதும்போது சுலபமாகத்தான் இருந்தது.

நேற்று ராத்திரி எங்கள் முறை.
குத்தகைக்கு எடுத்த மூணு மா.
மாவுக்கு முப்பத்தைந்து நிமிஷம்.
பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குத் திறந்தேன்.
இரண்டு நாற்பதுக்குத் தென்மேற்கு மூலை
இன்னும் வெள்ளையாகக் கிடந்தது.
அடுத்த முறை குளம்.

என் வீட்டுக்காரர் வரப்பில் டார்ச்சை அணைத்தார்.
"அரை மணி விடு, தையலு.
குளம் என்ன பட்டினியா கெடக்கப் போவுது?"

தவளைகள் கூட அந்த நேரம் பார்த்து
சத்தத்தை நிறுத்த வேண்டுமா?

மேலப்பண்ணைக்காரர் கேட்டிருந்தால்
வாயில் நூறு பதில் இருந்தது.
இவர் விதைநெல்லுக்கு
என் தோட்டை அடகு வைத்தவர்,
இன்னும் மீட்காதவர்,
தினமும் அதைச் சொல்லி வருந்துகிறவர்.

பதினான்கு சுற்று.
எட்டாவதில் சாவி இறுகியது.
வந்து பிடிப்பார் என்று நினைத்தேன். வரவில்லை.
உடம்பின் பாரம் முழுக்கக் கொடுத்துத் திருகினேன்.
தண்ணி ஒரு கணம் யோசித்து
குளத்துப் பக்கம் திரும்பியது.

நோட்டில்: இ.மூ. தையல்நாயகி, 2.40, அடைப்பு.
கையெழுத்து கிறுக்கலாக வந்தது,
பேனாவில் கிரீஸ்.

காலையில் அவர் பேசவில்லை.
காய்ந்த மூலையில் தக்கைப்பூண்டு விதை தெளித்துக்கொண்டிருந்தார்,
என் பக்கம் முதுகைக் காட்டி,
தேவைக்கு மேல் வேகமாக.

கைப்பம்பு இன்னும் கரிக்கிறது.
போன வருஷத்துக்குக் கொஞ்சம் தேவலை
என்கிறாள் ஜெகபர் நாச்சியா.
அவள் நாக்கை நம்பி
தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.
பருப்பை அடுத்த மாசம் போட்டுப் பார்க்கலாம்.