அப்படியொரு அடைவு இல்லை

ஔலு நகரில் நவம்பர். மூன்றரைக்கே இருட்டி
ஜன்னலில் எங்கள் முகங்களே தெரிந்தன.
ஆற்றின்மேல் உறைந்த பனியின் கனம் சொல்லும் சிறு நிரல்,
விலை கிடையாது, யாரும் பிரித்துப் பார்க்கலாம்.
நாளை வெளியீடு.
மிச்சமிருந்தது ஒற்றைக் கேள்வி:
எங்கே நிறுவ வேண்டும் என்று சொல்லாதவருக்கு
எங்கே நிறுவுவது?

சொல்பவர்களால் தொல்லையில்லை,
பாதையைத் தட்டச்சு செய்துவிட்டுப் போய்விடுவார்கள்.
மற்றவர்கள் எண்டரை மட்டும் தட்டுவார்கள்,
ரயிலில் கண்ணயர்கிறவர்
பக்கத்து இருக்கைக்காரரை நம்புவதுபோல.

ஹில்க்கா சொன்னாள்: யூஎஸ்ஆர், அதற்குள் லோக்கல்.
"பழைய வழக்கம். வழக்கத்திடம் காரணம் கேட்காதே."
ஒஸ்மோ சொன்னான்: ஆப்ட்.
"மொத்தமும் ஒரே பெட்டியில். பிடிக்கவில்லையா,
பெட்டியோடு தூக்கிப் போடு."
இரண்டுக்கும் ரூட்டின் கடவுச்சொல் வேண்டும்.
வேர் என்று பெயர், உட்கார்ந்திருப்பதோ உச்சியில்.
பள்ளிக்கூடக் கணினியில், நூலகக் கணினியில்
வேர் எப்போதும் வேறொருவர் கையில்.

நான் சொன்னேன்: அவரவர் வீடு.
ஹோம், அதற்குள் அவரவர் பெயர், அதற்குள் ஒரு மூலை.
சொந்தச் சுவரில் ஆணி அடிக்க யாரிடம் அனுமதி?
சொல்லும்போதே எனக்கு என்மேல் கொஞ்சம் பெருமை.

ஹில்க்கா இலவங்கப்பட்டை ரொட்டியைச்
சுற்றுச் சுற்றாகப் பிரித்துத் தின்றாள்.
கடைசிச் சுற்றில், "சரி, வீடே இருக்கட்டும்" என்றாள்.
ஒஸ்மோ கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பதினோராம் நாள் வடகோடி ஊட்ஸ்யோக்கியிலிருந்து கடிதம்.
ஆய்லே. சாமி மக்களின் மொழியில்
அவள் பெயரின் முதலெழுத்துக்குத்
தலையில் சாய்வாக ஒரு கீற்று உண்டு.
கணினியிலும் கீற்றோடுதான் பதிந்திருந்தாள்.
எங்கள் நிரல் அதை வாசிக்கத் தெரியாமல்
ஒரு கேள்விக்குறியாக மாற்றி,
கேள்விக்குறியின் கதவைத் தேடிப் போய்த் திரும்பி
அறிவித்திருந்தது: அப்படியொரு அடைவு இல்லை.

அவள் எழுதியிருந்தாள்:
"என் வீடு இல்லை என்கிறது உங்கள் நிரல்.
வீடு இருக்கிறது. அடுப்பு எரிகிறது.
அதற்குள்ளிருந்துதான் எழுதுகிறேன்."

ஒஸ்மோ எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.
பெயரெல்லாம் இருபத்தாறு எழுத்துக்குள் அடங்கும் என்று
எந்த இரவில், யார் தட்டினோம்?
மாற்றங்களின் பதிவைப் புரட்டினோம்.
ஆறு வருஷம் முன்பு, யாரும் விவாதிக்காத ஒரு வரி.
பக்கத்தில் என் பெயர்.
என் பெயரில் புள்ளி வைத்த எழுத்து இல்லை.
அக்கா பெயரில் உண்டு,
அவள் இதை நிறுவிப் பார்த்ததேயில்லை.

வரி மாறியது. புது வெளியீடு.
முன்னிருப்பு அதேதான்: வீடு.

டிசம்பரில் ஆய்லேயின் முதல் அளவு வந்தது:
தேனோ ஆறு, காலை, முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.
கோப்பின் தலைப்பில் பாதை தெரிந்தது.
லோக்கலில் இல்லை, ஆப்டில் இல்லை, வீட்டிலும் இல்லை.
ஏதோவொரு பழைய வட்டில்,
வலைகள் என்ற அடைவுக்குள்,
சால்மன் கணக்குக்கும் படகு மோட்டார் ரசீதுக்கும் நடுவில்.

ஹில்க்கா ரொம்ப நேரம் சிரித்தாள்.
நான் அந்தப் பாதையைச் சத்தமாக,
ஒவ்வொரு சாய்கோட்டிலும் நின்று,
ஒருமுறை வாசித்தேன்.