தண்ணீர்ச் சாவி

பத்தொன்பது வருஷமாக
நெவிலுக்கு இடப்பக்கம் என் நாற்காலி.
யார்க்ஷயரில், மூடிய சுரங்கம் ஒன்றின்
மூடாத பித்தளை வாத்தியக் குழு நாங்கள்.
செவ்வாய், வெள்ளி, மாலை ஏழரை.
அவருடையது யூஃபோனியம்.
மடியில் வைத்தால் இரண்டு மாதக் குழந்தையின் கனம்.

ஒரே மூச்சில் பன்னிரண்டு எண்ணிக்கை பிடிப்பார், ஒரு காலத்தில்.
பிறகு பத்து. பிறகு எட்டு.
பாட்டின் நடுவே களவாக ஒரு மூச்சு எடுப்பார்.
அது வரும் இடம் எனக்குத் தெரியும்.
அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சத்தமாக ஊதுவேன்.
அவர் நன்றி சொன்னதில்லை,
நானும் செய்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

இடைவேளையில்
உள்ளே ஊதியவர் வெளியே போய் ஊதுவார்.
மழையில், பின்வாசல் இரும்புப் படியில்,
நாளொன்றுக்கு இருபது.

ஜனவரியில் சிகிச்சை நிலையத்துக்குப் போனார்.
"இதில் ஊதுங்கள்" என்றாராம் நர்ஸ் இஃபோமா.
வாழ்நாளெல்லாம் ஊதியவர்
அன்றுதான் பயந்து ஊதினார்.
கார்பன் மோனாக்சைடு இருபத்தேழு.
கேஸ் கொதிகலன் பழுது பார்ப்பவர் நெவில்.
அந்த எண்ணை யார் வீட்டுச் சமையலறையிலாவது பார்த்தால்
சன்னல்களைத் திறந்துவிட்டு
ஆட்களை வெளியே அனுப்புகிறவர்.
அவருக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை.

புகை போயிற்று, ஆவி வந்தது.
"என் வயதில் ஆவி போகும் என்பார்கள்,
எனக்கு வந்திருக்கிறது பார்" என்று
பேனா போன்ற ஒன்றை ஆட்டிக் காட்டினார்.
மாமரமே முளைக்காத ஊரின் ஒத்திகைக் கூடத்தில்
பிப்ரவரிக் குளிரில் மாம்பழ வாசம்.

ஒரே வாரத்தில் எண் இரண்டாக இறங்கியது.
மூன்றாம் வாரம் இருமல் ஏறியது.
"விட்ட பிறகா இருமல்?" என்று எரிந்து விழுந்தார்.
படுத்துக் கிடந்த மயிரிழைகள்
எழுந்து பெருக்கத் தொடங்கியிருக்கின்றன,
முப்பத்தெட்டு வருஷக் குப்பை,
ஒரு நாளில் தீராது என்றாராம் இஃபோமா.
பழுப்பாய்த் துப்பினார். பிறகு மஞ்சளாய்.
பிறகு, கைக்குட்டையை
யாரிடமும் மறைக்காமல் மடித்தார்.

மே மாதம், அந்த மெதுவான பாட்டு.
எட்டாவது எண்ணிக்கை.
வழக்கம்போல் சத்தமாக ஊதினேன்.
மூச்சு வரவில்லை.
ஒன்பது, பத்து, பதினொன்று என்று
நெவிலின் சுரம் நீண்டுகொண்டே போக
என் சத்தம் மட்டும் தெருவில் நிற்கிற
குளித்துவிட்டு வந்தவள் மாதிரி நின்றது.
"ஹெதர், எங்கே போகிறாய்?"
குச்சியைத் தட்டினாள் நடத்துநர் த்ரெல்ஃபால்.
குழுவே சிரித்தது.
நெவில் சிரிக்கவில்லை. அன்றுதான்
அவருக்குத் தெரிந்துபோயிற்று.

இதோடு முடித்தால் நன்றாக இருக்கும்.

ஆனால் சிகரெட்டுக்கு ஒரு வாசல் இருந்தது.
எழுந்து போக வேண்டும், நனைய வேண்டும், திரும்ப வேண்டும்.
இந்தப் பேனாவுக்கு வாசல் இல்லை.
வேனில், கழிப்பறையில், சுரத்தாளின் மறைவில்,
பாதித் தூக்கத்தில் தலையணைக்கடியில்கூட
என்கிறாள் அவர் மனைவி பெவர்லி.
மூச்சின் அடியாழத்தில் ஒரு புதுச் சத்தமும் இருக்கிறது.
சாக்லேட் காகிதம் பிரிக்கிற மாதிரி.
இடப்பக்க நாற்காலிக்கு மட்டும் கேட்கும்.

இஃபோமாவிடம் கேட்டிருக்கிறார்.
"புகையைவிடத் தேவலை, அது தெரியும்.
வெறும் காற்றுக்கு ஈடில்லை, அதுவும் தெரியும்.
நடுவே எவ்வளவு தூரம் என்பதை
அளந்து முடிக்க இன்னும் வருஷங்கள் ஆகும்."
"அதுவரை நான் இருக்க வேண்டுமே" என்றாராம் நெவில்.
"அதற்காகத்தானே வந்தீர்கள்."

ஒத்திகை முடிந்தால்
எல்லோரும் குனிந்து தண்ணீர்ச் சாவியை அழுத்துவோம்.
ஊதிய மூச்செல்லாம் குளிர்ந்து
தரைவிரிப்பில் சொட்டும்.
வளைவின் அடியில் அதற்கென்று
ஒரு சின்னத் துளை வைத்திருக்கிறான், செய்தவன்.
நெவில் கடைசிச் சொட்டு வரை விடுவார்.
பிறகு நிமிர்ந்து
தன் சட்டையின் மூன்றாம் பொத்தானை
ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார், நேற்று.
ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அதே பாட்டு.
எட்டாவது எண்ணிக்கையில்
நான் என்ன செய்ய என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.